வெறும் தட்டில் தொண்ணூற்று நான்கு

ஐம்பத்திரண்டு வயதில் என்னை நியூட்ரானாக நடிக்கச் சொன்னார்கள்.

முடியாது என்று சொல்ல வழியில்லை. அது அறிவியல் ஆசிரியர்களுக்கான ஐந்து நாள் பயிற்சி முகாம். வராதவர்களுக்கு விளக்கம் கேட்டுக் கடிதம் வரும். வந்து ஆடாதவர்களுக்கும் வரும். மூட்டுவலிக்காரரான ஒரு வேதியியல் ஆசிரியர் புரோட்டான். அவரும் நானும் கூடத்தின் நடுவில் கைகோத்து நிற்க, எட்டு ஆசிரியர்கள் எலக்ட்ரான் என்ற பெயரில் எங்களைச் சுற்றி மூச்சிரைக்க ஓடினார்கள். ஒரே ஒரு புரோட்டானுக்கு எட்டு எலக்ட்ரான் எந்த அணுவில் இருக்கிறது என்று கேட்டுவிட்டேன்.

"மகிழ்ச்சியில கணக்குப் பார்க்கக் கூடாது மேடம்" என்றார் பயிற்சியாளர். "சிரிங்க. நீங்க நியூட்ரான். உங்களுக்குக் கவலையே கிடையாது."

எனக்கு இருந்தது. ஒன்பதாம் வகுப்பின் மூன்றாம் பிரிவில் முப்பத்தெட்டுப் பிள்ளைகளைப் பாதிப் பாடத்தில் விட்டுவிட்டு வந்திருந்தேன்.

இந்தக் கூத்தையெல்லாம் நடத்துவது மகிழ்வழி அறிவியல் இயக்ககம். மூன்று வருடங்களுக்கு முன்பு அது பள்ளிகளில் உடைந்துபோன நாற்காலிகளைப் பட்டியல் எடுக்கும் அலுவலகமாக இருந்தது. நாற்காலிகள் தீர்ந்துபோனதும் அங்கிருந்தவர்களை என்ன செய்வது என்று யோசித்து, பிள்ளைகள் மீது ஏவிவிட்டார்கள். முந்நூற்று நாற்பது பள்ளிகள் அதன் கீழ் வருகின்றன. ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டாம் வகுப்பு வரை பிள்ளைகள் அறிவியல் வகுப்பில் எவ்வளவு ஈடுபாட்டோடு இருக்கிறார்கள் என்பதை அளப்பதுதான் அதன் வேலை.

முகாமின் கடைசி நாளில் இயக்குநர் பேசினார். பளபளவென்று இருந்தார். மைக்கைக் கையில் வாங்கியதும் கண்ணை மூடிக்கொண்டார்.

"பள்ளியில் நான் அறிவியலில் மூன்று முறை தோற்றேன். ஏன்? எனக்குப் புரியாததாலா? இல்லை! என் ஆசிரியர் விளக்கியதால்!"

கைதட்டினார்கள். கைதட்டாதவர்களைக் குறித்துக்கொள்ள ஓர் ஆள் ஓரத்தில் நின்றிருந்தார்.

"விடை சொல்வது வன்முறை! பிள்ளை கேள்வி கேட்டால், 'நீயே கண்டுபிடி' என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுங்கள். ஒவ்வொரு பிள்ளையும் பிறக்கும்போதே நூறு சதவீத ஈடுபாட்டோடு பிறக்கிறது. ஆசிரியர் வாயைத் திறக்கும்போதுதான் அது குறையத் தொடங்குகிறது. ஆகவே இனி நாங்கள் மதிப்பெண் போடப் போவதில்லை. நூறிலிருந்து குறைக்கப் போகிறோம்!"

அதற்கும் கைதட்டினார்கள். நானும் தட்டினேன். பொய் சொல்வானேன்.

எனக்கு அப்போது பயம் மட்டும்தான். எங்கள் பள்ளியில் ஒரு சோதனைக்கூடம் இருக்கிறது. கல் பதித்த ஆறு மேசைகள், நான்கு குழாய்கள், அதில் ஒன்று ஒழுகும். கதவைத் திறந்தால் ஸ்பிரிட் வாசனையும் பழைய மரவாசனையும் கலந்து வரும். இருபத்தாறு வருடங்களாக அதன் சாவி என் பையில்தான் கிடக்கிறது. முப்பது மதிப்பெண்ணைத் தாண்டிய பிரிவு ஒன்றுகூட இல்லாத பள்ளியில் சோதனைக்கூடத்தை மூடி, மெத்தை போட்டுக் குதூகலக் கூடமாக மாற்றிவிடுவார்கள் என்று சுற்றறிக்கை வந்திருந்தது.

முகாம் முடிந்த மறுவாரமே மேற்பார்வையாளர் வந்தார். இளைஞர்தான். அதற்குள் அலுத்துப்போன முகம். கையில் ஓர் எண்ணும் கருவி. கட்டைவிரலால் அமுக்கினால் டக்கென்று ஓர் எண் கூடும். மற்ற வகுப்புகளில் ஒன்றுகூட முப்பதைத் தாண்டவில்லை. ஒன்பதாம் வகுப்பின் முதல் இரண்டு பிரிவுகளையும் ஏற்கெனவே முடித்திருந்தார். ஒன்று பதினெட்டு, மற்றொன்று இருபத்தொன்று. மிச்சம் இருந்தது என் மூன்றாம் பிரிவு.

அன்று சோதனைக்கூடத்தில் மயில்துத்தம் எடுத்திருந்தேன். நீலப் படிகங்களைச் சோதனைக்குழாயில் போட்டு ஸ்பிரிட் விளக்கில் காட்டினால், மெல்ல மெல்ல நீலம் போய் வெள்ளைப் பொடியாகும். குழாயின் வாய்ப்பக்கம் ஈரம் கோக்கும். பிள்ளைகள் மேசையைச் சுற்றி முண்டியடித்தார்கள். நீலம் கரைந்து போகப் போக வகுப்பில் சத்தம் அடங்கிப்போனது. எல்லாருடைய நெற்றியும் சுருங்கியது.

டக், டக், டக் என்று பின்னாலிருந்து சத்தம் வந்துகொண்டே இருந்தது.

"இந்தப் படிகத்துக்குள்ள தண்ணி இருந்துச்சு. சூட்டுல அது வெளிய வந்துடுச்சு. அதான் நிறம் போச்சு" என்றேன்.

ஒரு பெண் கையைத் தூக்கினாள். குறுக்குக்கேள்வி என்று வகுப்பே அவளுக்குப் பெயர் வைத்திருந்தது. கேட்காமல் எதையும் விழுங்க மாட்டாள்.

"வெளிய வந்தது தண்ணிதான்னு எப்படி மிஸ் தெரியும்? பார்க்கத் தண்ணி மாதிரி இருக்கிற வேற ஏதாவதா இருந்தா?"

டக், டக்.

"நல்லாக் கேட்டே. எப்படித் தெரிஞ்சுக்கலாம்? யாராவது சொல்லுங்க."

நான்கு பேர் நான்கு தப்பான பதில் சொன்னார்கள். ஒருத்தன் நக்கிப் பார்க்கலாம் என்றான். அடி விழும் என்றேன். கடைசியில் குறுக்குக்கேள்வியே சொன்னாள்: "குழாய் வாய்ல இருக்கிற அந்தச் சொட்டை எடுத்து, இன்னொரு குழாய்ல இருக்கிற வெள்ளைப் பொடியில விட்டுப் பார்ப்போம் மிஸ். நீலம் திரும்பி வந்தா அது தண்ணிதான்."

விட்டுப் பார்த்தோம். வெள்ளைப் பொடியின் நடுவில் நீலம் பூத்தது. அந்த ஒரு நொடிக்காகத்தான் நான் இருபத்தாறு வருடமாக இந்த வேலையில் இருக்கிறேன்.

மேற்பார்வையாளர் படிவத்தை என்னிடம் நீட்டினார். நூற்றுக்குப் பதினொன்று.

"ஏன் சார்?"

"நீங்களே பாருங்க மேடம்." அவருக்கு உண்மையிலேயே வருத்தமாக இருந்தது. "நெற்றியைச் சுருக்கின பிள்ளைங்க முப்பத்தெட்டு. அதாவது முப்பத்தெட்டுப் பேரையும் துன்பப்படுத்தி இருக்கீங்க. முப்பத்தெட்டு மார்க் போச்சு. நீங்க பேசினது இருபத்தொரு நிமிஷம். இருபத்தொண்ணு போச்சு. பிள்ளைங்க கேட்ட கேள்வி எட்டு."

"கேள்வி கேட்டா நல்லதில்லையா சார்?"

"புரிஞ்சிருந்தா ஏன் மேடம் கேட்கப் போறாங்க? ஒரு கேள்விக்கு ரெண்டு, பதினாறு போச்சு. தப்பான பதில் நாலு, அதுக்கு எட்டு. உட்காரத் திண்டு போடலை, அதுக்கு ஆறு. மொத்தம் எண்பத்தொன்பது."

கூட்டல் சரியாக இருந்தது. அதுதான் எனக்கு இன்னும் எரிச்சல்.

தலைமை ஆசிரியர் அறையில் உத்தரவு கைக்கு வந்தது. மாதக் கடைசியில் சோதனைக்கூடம் காலி செய்யப்படும். எங்கள் தலைமை ஆசிரியருக்குச் சரிங்கய்யா என்று பெயர். தொலைபேசி மணி அடித்தாலே எழுந்து நின்று அதைச் சொல்லிவிட்டுத்தான் எடுப்பார்.

"சார், ஒரு வார்த்தை எதிர்த்துச் சொல்லக் கூடாதா?"

"சொன்னேன் டீச்சர்" என்றார். "சரிங்கய்யான்னு கொஞ்சம் மெதுவாச் சொன்னேன்."

அன்று சாயங்காலம் வீட்டுக்குப் போய்ப் பையைத் தூக்கி எறிந்தேன். என் வீட்டுக்காரர் கடைகளுக்குத் தராசு பழுது பார்ப்பவர். கூடத்துத் தரையில் ஒரு மின் தராசைப் பிரித்துப் போட்டு உட்கார்ந்திருந்தார்.

"ஏம்மா, முகம் என்ன இப்படி இருக்கு?"

கொட்டித் தீர்த்தேன். நியூட்ரானிலிருந்து திண்டு வரைக்கும் ஒன்று விடாமல். அவர் தராசை மூடித் திருகாணி போட்டுக்கொண்டே கேட்டார்.

"அந்தப் படிவத்தை யாராவது சோதிச்சுப் பார்த்தாங்களா?"

"படிவத்தை எப்படிங்க சோதிக்கிறது?"

"எப்படின்னா? தராசு வந்தா நான் என்ன பண்றேன்? முதல்ல தட்டுல ஒண்ணுமே வைக்காம பார்ப்பேன்." தராசைப் போட்டுக் காட்டினார். வெறும் தட்டுக்கு அறுபது கிராம் என்று காட்டியது. "பார்த்தியா? வெறும் தட்டுக்கே எடை காட்டுதுன்னா, அப்புறம் அதுல தங்கத்தை வச்சாலும் தகரத்தை வச்சாலும் பொய்தான்."

எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போல இருந்தது. வருடா வருடம் நானே நடத்தும் பாடம். சுழிப்பிழை என்று பெயர். கருவியில் ஒன்றுமே வைக்காதபோது அது என்ன காட்டுகிறதோ அதுதான் சுழிப்பிழை. ஊரார் பிள்ளைகளுக்கெல்லாம் சொல்லிக்கொடுத்துவிட்டு நான் மறந்துபோயிருக்கிறேன்.

ஆனால் பள்ளிக்கூடத்தில் வெறும் தட்டுக்கு எங்கே போவது?

அதையும் இயக்ககமே அனுப்பி வைத்தது. மறுநாள் ஒரு கடிதம் வந்தது. ஒன்பதாம் வகுப்பு நான்காம் பிரிவுக்கு இன்னும் ஈடுபாட்டு அளவை நடக்கவில்லை, உடனே ஏற்பாடு செய்யவும் என்று. போன வருடம் எங்களிடம் நான்கு பிரிவுகள் இருந்தன. பிள்ளைகள் குறைந்ததால் இந்த வருடம் நான்காவதைக் கலைத்து மற்ற மூன்றில் சேர்த்துவிட்டோம். போன வருடம் அறை போதாமல் நான்காம் பிரிவு என் சோதனைக்கூடத்தில்தான் உட்கார்ந்திருந்தது. இயக்ககத்தின் பட்டியலில் அந்தப் பிரிவு இன்னும் அங்கேயே உட்கார்ந்திருக்கிறது.

நான் ஒழுங்கானவள். உடனே இயக்ககத்து எழுத்தருக்கு ஃபோன் செய்தேன்.

"அப்படி ஒரு பிரிவே இப்ப இல்லைங்க."

"பட்டியல்ல இருக்கேம்மா."

"பிள்ளைங்க இல்லைங்க."

"அதை நீங்க முடிவு பண்ண முடியாதும்மா. அளவை நடந்தாத்தான் தெரியும். தேதி போட்டாச்சு" என்று வைத்துவிட்டார்.

இது முதல் முறை. நான் உண்மையைச் சொன்ன தடவைகளை எண்ணிக்கொண்டே வந்தேன். பின்னால் தேவைப்படும் என்று தெரியும்.

மூன்றாம் பிரிவில் போய்க் கரும்பலகையில் எழுதினேன்: 'அளக்கும் கருவியை அளப்பது எப்படி?' பிள்ளைகளிடம் எதையும் மறைக்கவில்லை. பதினொன்று வாங்கியதைச் சொன்னேன். கூடம் போகப் போவதையும் சொன்னேன். தராசுக் கதையும் சொன்னேன். ஒரு சோதனையில் ஒன்றை மட்டும்தான் மாற்ற வேண்டும், மற்றதெல்லாம் அப்படியே இருக்க வேண்டும் என்பது அவர்களுக்குத் தெரியும். அதே அறை, அதே மேற்பார்வையாளர், அதே படிவம், அதே நேரம். மாறுவது ஒன்றே ஒன்று. பிள்ளைகள் இருக்க மாட்டார்கள்.

"எவ்வளவு மார்க் வரும்னு ஒவ்வொருத்தரும் யோசிச்சு எழுதுங்க" என்றேன்.

பெரும்பாலானவர்கள் பூஜ்யம் என்று எழுதினார்கள். விவரமான இரண்டு பேர் இருபது, முப்பது என்று எழுதினார்கள். குறுக்குக்கேள்வியின் நோட்டில் எண்ணே இல்லை. 'ஆளில்லாத வகுப்புக்கு மார்க் போட மாட்டார்கள். திரும்பிப் போய்விடுவார்கள். அவ்வளவு மோசமாக இருக்க மாட்டார்கள்' என்று எழுதியிருந்தாள்.

அந்த நாளும் வந்தது. சோதனைக்கூடத்தில் ஆறு மேசைகளும் காலி. குழாய் மட்டும் ஒழுகிக்கொண்டிருந்தது. நான் கதவோரம் கையைக் கட்டி நின்றேன். மேற்பார்வையாளர் ஃபோனைப் பார்த்துக்கொண்டே வந்து, நிமிர்ந்து, அறையை ஒரு சுற்றுப் பார்த்தார்.

"பிள்ளைங்க எங்க மேடம்?"

"இந்தப் பிரிவுல யாரும் இல்லைங்க சார்."

"ஓ, வெளிப்புறக் கற்றலா!" முகம் மலர்ந்துவிட்டது. "இந்த வட்டாரத்துலயே யாரும் பண்ணலை!"

"இல்லைங்க சார். யாருமே இல்லை. இப்படி ஒரு பிரிவே கிடையாது."

"இந்த அடக்கம்தான் மேடம் வேணும்" என்றார். இரண்டாம் முறை.

நாற்பது நிமிடம் உட்கார்ந்திருந்தார், பாவம். கருவி ஒரு தடவைகூட டக் என்று சொல்லவில்லை. நெற்றி சுருக்கியவர்கள் பூஜ்யம். கேள்வி கேட்டவர்கள் பூஜ்யம். தவறான பதில் பூஜ்யம். ஆசிரியர் பேசியது பூஜ்யம் நிமிடம். திண்டு இல்லாததற்கு ஆறு குறைத்தார். மாணவர் எண்ணிக்கை என்ற கட்டத்தை என்னிடம் நீட்டினார். நான் பூஜ்யம் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அவர் பார்க்காமலே மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். கிளம்பும் அவசரத்தில் எண்ணும் கருவியை மேசையிலேயே விட்டுவிட்டுப் போனார். படிவத்தின் நகல் என்னிடம் இருந்தது.

தொண்ணூற்று நான்கு.

மறுநாள் எழுத்தர் ஃபோன் செய்தார். "மாணவர் எண்ணிக்கையில ஜீரோ போட்டிருக்கீங்களேம்மா, கம்ப்யூட்டர் எடுக்க மாட்டேங்குது. நான் நாற்பதுன்னு போட்டுட்டேன்."

"நான் போட்டது ஜீரோதாங்க. நாற்பதுன்னு நீங்கதான் போட்டிருக்கீங்க. அதை எழுதி அனுப்ப முடியுங்களா?"

"அதுக்கென்னம்மா" என்று எழுதியே அனுப்பினார். மூன்றாம் முறை.

மூன்றாம் பிரிவில் போய் எண்ணைப் பலகையில் எழுதினேன். வகுப்பு உருண்டு புரண்டு சிரித்தது. ஒரு பையன் எழுந்து, "அப்ப சுழிப்பிழை தொண்ணூத்து நாலு மிஸ். நம்ம பதினொண்ணுல இருந்து அதைக் கழிச்சா மைனஸ் எண்பத்து மூணு!" என்றான். அதற்கும் சிரித்தார்கள். குறுக்குக்கேள்வி மட்டும் சிரிக்கவில்லை. மணி அடித்து எல்லாரும் போன பிறகு மேசைக்குப் பக்கத்தில் வந்து நின்றாள்.

"மிஸ், நாங்க இருந்தா பதினொண்ணு. நாங்க இல்லைன்னா தொண்ணூத்து நாலு."

"ம்."

"அப்ப நாங்க இல்லாம இருந்தாத்தான் நல்லதா மிஸ்?"

அதுவரை இது கூடத்தைக் காப்பாற்றும் வேலையாகத்தான் இருந்தது. பதினான்கு வயதுப் பிள்ளையை, அதுவும் பெரியவர்கள் அவ்வளவு மோசமாக இருக்க மாட்டார்கள் என்று நம்பி எழுதிய பிள்ளையை, இப்படி ஒரு கேள்வி கேட்க வைத்துவிட்டார்களே! இவர்களைச் சும்மா விடுவதில்லை என்று அந்த இடத்திலேயே முடிவு செய்தேன்.

"இரு, உனக்குப் பதில் அவங்க வாயாலேயே வாங்கித் தர்றேன்" என்றேன்.

இயக்ககத்தில் திருவிழாக் கோலம். முந்நூற்று நாற்பது பள்ளிகளில் தொண்ணூறைத் தாண்டிய முதல் பிரிவு அல்லவா! அதற்குப் பொற்பிரிவு என்று பெயர். விதிப்புத்தகத்தை வாங்கிக் கரைத்துக் குடித்தேன். விதி பதினேழு: பொற்பிரிவு இயங்கும் அறையில் ஐந்து ஆண்டுகளுக்கு ஓர் ஆணிகூட அடிக்கக் கூடாது, ஒரு பொருளைக்கூட அகற்றக் கூடாது. விதி பதினெட்டு: இயக்குநர் நேரில் சரிபார்த்துக் கையொப்பமிட வேண்டும். விதி பத்தொன்பது: பொற்பிரிவு மாணவர் ஒவ்வொருவருக்கும் இயக்குநரே அந்த அறைக்கு வந்து, கைகுலுக்கிச் சான்றிதழ் தர வேண்டும், அதை எல்லாப் பள்ளிகளுக்கும் நேரலையில் காட்ட வேண்டும். எல்லாம் அவரே எழுதிய விதிகள்.

சரிபார்க்க வந்த இயக்குநர் சரிங்கய்யாவின் அறையில் உட்கார்ந்து டீ குடித்தார். பிஸ்கட்டை நனைத்து நனைத்துச் சாப்பிட்டார்.

"சார், வகுப்பைப் பார்க்க வர்றீங்களா?" என்றேன்.

"வேண்டாம் மேடம். நான் பார்த்தா பிள்ளைங்க இயல்பு கெட்டுடும். கவனிக்கிறதே ஒரு குறுக்கீடு."

"அங்க பிள்ளைங்களே இல்லைங்க சார். நாற்பதுங்கறது உங்க ஆஃபீஸ்ல போட்டது." நான்காம் முறை. சரிங்கய்யாவே சாட்சி.

இயக்குநர் சரிங்கய்யாவைப் பார்த்துப் பெருமையாகச் சிரித்தார். "பார்த்தீங்களா? தன்னோட பிள்ளைங்கன்னு ஒரு உரிமைகூட எடுத்துக்கலை. எல்லாப் பெருமையும் ஆஃபீசுக்குன்னு சொல்றாங்க. இப்படி ஆசிரியர் வேணும்!"

பேனாவைத் திறந்து சரிபார்ப்புப் பக்கத்தில் எழுதினார்: 'நேரில் கண்டேன். நாற்பது மாணவர்களின் கண்களிலும் அறிவின் ஒளி. குறிப்பாகக் கடைசி வரிசை.' கையொப்பமும் தேதியும் போட்டார். நான் அந்தப் பக்கத்தையும் நகல் எடுத்துக்கொண்டேன்.

சான்றிதழ் நாள் வந்தது. சோதனைக்கூட வாசலில் கேமராவோடு இருவர். உள்ளே சுவரோரமாக என் மூன்றாம் பிரிவுப் பிள்ளைகள் முப்பத்தெட்டுப் பேரும் கையில் நோட்டோடு நின்றார்கள். 'உற்றுநோக்கல்' என்று தலைப்புப் போட்டுக் கோடும் கிழித்து வைத்திருந்தார்கள். குறுக்குக்கேள்வியின் கையில் அந்த எண்ணும் கருவி. ஆறு மேசைகளும், அவற்றைச் சுற்றிப் போட்டிருந்த நாற்பது முக்காலிகளும் காலி.

இயக்குநர் சிரித்த முகத்தோடு வாசலிலேயே மைக்கில் பேச ஆரம்பித்தார். "முந்நூற்று நாற்பது பள்ளிகளின் ஆசிரியர்களே! இன்று உங்களுக்கு ஓர் அதிசயத்தைக் காட்டப் போகிறேன். நாற்பது பிள்ளைகள்! சத்தமில்லை, குழப்பமில்லை, ஒரு தவறான விடை இல்லை! இந்தப் பிள்ளைகளை நான் என் கண்ணால் கண்டிருக்கிறேன்!"

உள்ளே நுழைந்தார். நின்றார். அந்தப் பக்கம் பார்த்தார், இந்தப் பக்கம் பார்த்தார். மைக்கைக் கையால் மூடிக்கொண்டு என் காதருகே குனிந்தார்.

"மேடம், பிள்ளைங்க எங்க?"

"இந்தப் பிரிவுல யாரும் இல்லைங்க சார்." ஐந்தாம் முறை.

சுவரோரம் நின்றவர்களைக் கண்ணால் காட்டினார். "இவங்களைக் கொஞ்சம் உட்கார வைங்க. சீக்கிரம்."

"இவங்க மூணாம் பிரிவு சார். பதினோரு மார்க். நெற்றியைச் சுருக்கிற பிள்ளைங்க. பொற்பிரிவுச் சான்றிதழை இவங்க தொடலாமான்னு விதியில இல்லையே."

நெற்றியில் அவருக்கு வேர்த்துவிட்டது. சரிங்கய்யாவைத் தேடினார். அவர் ஒழுகும் குழாயை மூட முயல்வதுபோலத் திரும்பி நின்றுகொண்டார். கேமராக்காரர், "சார், லைவ் போயிட்டு இருக்கு, பேசுங்க" என்றார்.

நான் ஃபைலை அவர் முன்னால் மேசையில் விரித்து வைத்தேன். நான் பூஜ்யம் என்று எழுதிய படிவம். நாற்பதாக்கியது தான்தான் என்று எழுத்தர் எழுதிய கடிதம். 'குறிப்பாகக் கடைசி வரிசை' என்று இவர் எழுதிய பக்கம். வரிசையாகப் பார்த்தார். பிள்ளைகள் இல்லை என்று இப்போது மைக்கில் சொன்னால், கண்ணால் கண்டேன் என்று எழுதிய கை இவருடையது. இருக்கிறார்கள் என்றால் கொடுத்தாக வேண்டும்.

"மேடம்" என்றார். "நான் என்ன பண்றது? சொல்லுங்க மேடம்."

"விடை சொல்வது வன்முறை சார்" என்றேன். "நீங்களே கண்டுபிடிங்க."

சொல்லிவிட்டு இரண்டடி நகர்ந்து நின்றுகொண்டேன். அந்த ஐந்து நாள் பயிற்சியில் நான் கற்றுக்கொண்டது அது ஒன்றுதான்.

முகாமில் போலவே கண்ணை மூடிக்கொண்டார். பிறகு தட்டிலிருந்து முதல் சான்றிதழை எடுத்தார். பெயர் எதுவும் இல்லை. மாணவர் எண் மட்டும் அச்சிட்டிருந்தது.

"மாணவர் எண் ஒன்று" என்றார். முதல் முக்காலிக்கு முன்னால் போய்க் கையை நீட்டினார். காற்றைப் பிடித்து இரண்டு முறை குலுக்கினார். கேமராவைப் பார்த்துச் சிரித்தார். சான்றிதழை முக்காலி மேல் வைத்தார்.

டக் என்றது கருவி.

"மாணவர் எண் இரண்டு."

டக்.

முப்பத்தெட்டுப் பேனாக்களும் எழுதின. யாரும் சிரிக்கவில்லை. உற்றுநோக்கும்போது சிரிக்கக் கூடாது என்று சொல்லி வைத்திருந்தேன். ஏழாவதில் சிரிப்பதை விட்டுவிட்டார். பத்தாவதில் கைக்குட்டையை எடுத்தார். பன்னிரண்டாவதில், எதற்கென்று தெரியவில்லை, முக்காலியைத் தட்டிக்கொடுத்தார். பதினாறுக்குப் போனபோது ஒரு கை உயர்ந்தது.

"சார்" என்றாள் குறுக்குக்கேள்வி. "பதினாலாம் நம்பருக்குக் கை குடுக்கலை."

இயக்குநர் அவளைப் பார்த்தார், கேமராவைப் பார்த்தார், திரும்பி நடந்தார். பதினான்காம் முக்காலியின் முன் நின்று கையை நீட்டினார்.

"மன்னிச்சுக்கப்பா" என்றார் முக்காலியிடம்.

டக்.

நாற்பதும் முடிந்தது. கருவியும் சரியாக நாற்பது என்று காட்டியது. மைக்கைக் கீழே வைக்கப் போனார். மறுபடியும் கை உயர்ந்தது.

"சார், ஒரு கேள்வி. இந்த நாற்பது பேர்ல ரொம்ப நல்லாப் படிக்கிறது யாரு சார்?"

காலி முக்காலிகளை இந்தக் கடைசியிலிருந்து அந்தக் கடைசி வரை பார்த்தார். முந்நூற்று நாற்பது பள்ளிகள் பார்த்துக்கொண்டிருந்தன.

"எல்லாருமேதாம்மா" என்றார்.

அவள் அதை நோட்டில் எழுதி, தேதி போட்டு, அடியில் கோடிட்டாள். பிறகு என்னைப் பார்த்துச் சிரித்தாள். காலி முக்காலியையும் நன்றாகப் படிக்கிறது என்று சொல்கிறவர்களின் மார்க்கை நம்ப வேண்டியதில்லை என்று, அன்று என்னிடம் கேட்ட கேள்விக்குப் பதில் கிடைத்துவிட்ட சிரிப்பு.

கூடத்தில் இப்போது ஆணி அடிக்க முடியாது. பொற்பிரிவு உத்தரவையே பசை தடவித்தான் கதவில் ஒட்டியிருக்கிறோம். சாவி என் பையில் கிடக்கிறது. இந்த வாரமும் மயில்துத்தம் காய்ச்சினோம். முப்பத்தெட்டு நெற்றியும் சுருங்கியது. ஒன்றுகூடக் குறையவில்லை, எண்ணிப் பார்த்தேன்.

அதோடு முடிந்திருந்தால் இயக்குநர் தப்பித்திருப்பாரோ என்னவோ. ஆனால் நேரலையை மற்ற பள்ளிகளின் அறிவியல் ஆசிரியர்களும் பார்த்தார்கள் அல்லவா? எலக்ட்ரானாக ஓடியவர்கள், ஒளிச்சேர்க்கை என்று சொல்லிக் கைகளை விரித்து வெயிலில் நின்றவர்கள், என் மூட்டுவலிப் புரோட்டான், எல்லாரும் பார்த்தார்கள். அடுத்த மாதமே முந்நூற்று முப்பத்தொன்பது பள்ளிகளிலும் பழைய பட்டியலில் ஒரு காலிப் பிரிவு கிடைத்துவிட்டது. எல்லாம் சோதனைக்கூடத்தில்தான் இயங்குகிறதாம். எல்லாரும் எண்ணிக்கைக் கட்டத்தில் உண்மையாகப் பூஜ்யம்தான் எழுதினார்கள். எழுத்தர்தான் நாற்பதாக்கினார். எல்லாமே தொண்ணூற்று நான்கு. எல்லாமே பொற்பிரிவு.

விதி பத்தொன்பதை மாற்றினால் ஏன் மாற்றினோம் என்று சொல்ல வேண்டும். அதனால் இயக்குநர் பள்ளி பள்ளியாகப் போய்க்கொண்டிருக்கிறார். நேற்று அறுபத்திரண்டாவது பள்ளி. நேரலை வந்தால் பாடத்தைக் கொஞ்சம் நிறுத்திவிட்டு நாங்களும் பார்ப்போம். கருவி குறுக்குக்கேள்வியிடம்தான் இருக்கிறது.

நேற்று அவர் இருபத்தெட்டாம் எண்ணைத் தாண்டிப் போய்விட்டார். என் பிள்ளைகள் முப்பத்தெட்டுப் பேரும் ஒரே குரலில், "சார், இருபத்தெட்டு!" என்று கத்தினார்கள். அவருக்கு எப்படிக் கேட்டிருக்கும்? ஆனாலும் நின்றார். விரல்விட்டு எண்ணிப் பார்த்தார். திரும்பி வந்து இருபத்தெட்டாம் முக்காலிக்குக் கை கொடுத்துவிட்டுப் போனார்.